பாட்டி வாங்கிய மீன்: தகாலோக் வாக்கியத்தில் எழுவாய் எது?

ஒரு பாட்டி, சந்தையில் மீன்காரியிடமிருந்து, தன் பேரப்பிள்ளைக்காக மீன் வாங்கினார். பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் இந்தச் செய்தியை நான்கு விதமாகச் சொல்லலாம். நான்கும் அன்றாடப் பேச்சில் புழங்குபவை.

புமிலி ஆங் லோலா நாங் இஸ்தா.
பினிலி நாங் லோலா ஆங் இஸ்தா.
பினில்ஹான் நாங் லோலா நாங் இஸ்தா ஆங் திண்டேரா.
இபினிலி நாங் லோலா நாங் இஸ்தா ஆங் ஆப்போ.

லோலா என்றால் பாட்டி, இஸ்தா மீன், திண்டேரா விற்பவள், ஆப்போ பேரப்பிள்ளை. வினையடி 'பிலி', அதாவது வாங்கு. நான்கு வாக்கியங்களிலும் 'ஆங்' என்ற உருபு ஒரே ஒரு பெயரின் முன் மட்டுமே நிற்கிறது. முதலாவதில் பாட்டிக்கு முன், இரண்டாவதில் மீனுக்கு முன், மூன்றாவதில் விற்றவளுக்கு முன், நான்காவதில் பேரப்பிள்ளைக்கு முன். அது இடம் மாறும்போதெல்லாம் வினைச்சொல்லும் தன் ஒட்டை மாற்றிக்கொள்கிறது. வாங்கியவரை 'ஆங்' சுட்டினால் வினைக்குள் -உம்- நுழைகிறது. வாங்கிய பொருளைச் சுட்டினால் வினை -இன் வகைக்கு மாறுகிறது. விற்றவளைச் சுட்டினால் -ஆன், யாருக்காக வாங்கப்பட்டதோ அவரைச் சுட்டினால் இ-. இன்றைய பேச்சில் -ஆன் வடிவம் 'இன்னாருக்காக வாங்குவது' என்ற பொருளிலும் வருகிறது. ஐந்தாவதாக ஒரு வாக்கியமும் உண்டு: வாங்கப் பயன்பட்ட பணத்தின் முன் 'ஆங்' நிற்கும்போது வினை 'இபினம்பிலி' ஆகிவிடும்.

மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரையும், தைவானிலிருந்து நியூசிலாந்து வரையும் பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தில் ஏறத்தாழ 1,200 மொழிகள் இருக்கின்றன. தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் வடக்கு போர்னியோவிலும் மடகாஸ்கரிலும் பேசப்படும் பல மொழிகள், மேலே கண்ட ஏற்பாட்டை ஏதோ ஓர் அளவில் இன்னும் காத்துவருகின்றன. அவற்றுள் மிக அதிகமாக ஆராயப்பட்டது தகாலோக். இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: அந்த வாக்கியங்களில் எழுவாய் எது? அதற்கு விடை கிடைக்காமல் ஒரு நூற்றாண்டாக வாதம் நடப்பதற்குக் காரணம் என்ன?

உருபுகள்

தகாலோக் பெயர்களுக்கு மூன்று வேற்றுமை உருபுகள் உண்டு. மூன்றும் பெயருக்கு முன்னால் வருபவை. பொதுப்பெயர்களுக்கு ஆங், நாங், சா. ஆட்பெயர்களுக்கு சி, நி, காய். சா, காய் இரண்டும் இடம், திசை, பெறுபவர் ஆகியவற்றைக் குறிப்பவை. அவற்றைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. சண்டை முழுவதும் ஆங், நாங் என்ற முதல் இரண்டைச் சுற்றித்தான்.

'நாங்' என்ற உருபு செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். இரண்டாம் வாக்கியத்தில் அது வாங்கியவரைக் காட்டுகிறது. முதல் வாக்கியத்தில் வாங்கப்பட்ட பொருளைக் காட்டுகிறது. 'பாஹாய் நாங் லோலா' என்றால் பாட்டியின் வீடு. அங்கே அது உடைமை காட்டும் ஆறாம் வேற்றுமை. பிரதிப்பெயர்களிலும் இதே கதைதான்: 'மோ' என்பது 'உன்னுடைய' என்றும் பொருள்படும், 'உன்னால்' என்றும் பொருள்படும். செய்பவரும் உடையவரும் ஒரே உருபைப் பகிர்ந்துகொள்வது தற்செயல் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இந்த வழக்கின் சாவி அங்கேதான் கிடக்கிறது.

துறவிகள் போட்ட பெயர்

தகாலோக் மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணங்களில் ஒன்று, டொமினிக்கத் துறவி பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தெ சான் ஹோசே எழுதியது. 1610-இல் பத்தான் என்ற பகுதியில், தோமாஸ் பின்பின் என்ற உள்ளூர் அச்சுக்காரர் அதை அச்சிட்டார். லத்தீன் இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்த துறவிகளுக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்ற இரண்டு பெட்டிகள்தான் தெரியும். செய்பவர் முன் 'ஆங்' நின்றால் செய்வினை. மற்ற மூன்றும் செயப்பாட்டுவினைகள். அந்த மரபு நெடுங்காலம் நிலைத்தது. 1917-இல் அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்ட், இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தகாலோக் மாணவர் ஒருவர் சொன்ன கதைகளைப் பதிவு செய்து அற்புதமான இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அவரும் ஒரு செய்வினை, மூன்று செயப்பாட்டுவினைகள் என்றே வகுத்தார்.

இந்த வகுப்பில் ஒரு பெருங்குறை உண்டு. செயப்பாட்டுவினை என்பது பொதுவாகச் செய்வினையிலிருந்து பிறப்பது. அதற்குக் கூடுதல் ஒட்டு இருக்கும், செய்பவர் பின்னுக்குத் தள்ளப்படுவார், பெரும்பாலும் மறைந்தே போவார். தமிழில் 'பாட்டியால் மீன் வாங்கப்பட்டது' என்று இயல்பான பேச்சில் யாரும் சொல்வதில்லை. தகாலோக் அப்படியல்ல. 'பினிலி நாங் லோலா ஆங் இஸ்தா' என்பது முழு உயிருள்ள, நாள்தோறும் ஒலிக்கும் வாக்கியம். அந்த மீன், இந்த மீன் என்று குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் சொல்லியாக வேண்டும். 'புமிலி' வடிவத்தில் வரும் மீன் பெரும்பாலும் ஏதோ ஒரு மீன், கொஞ்சம் மீன். ஒட்டுகளைப் பார்த்தாலும் ஒன்று மற்றதன் மேல் கட்டப்படவில்லை. வினையடி ஒன்று, அதன் மேல் ஆளுக்கோர் ஒட்டு. எது மூலம், எது கிளை என்று காட்ட வடிவத்தில் சான்றே கிடையாது. 'ஆங்' சுட்டும் பெயருக்கேற்ப வினை எடுக்கும் வடிவத்தை வினைப்பாடு என்பார்கள்; பின்னாளில் ஹிம்மெல்மன் போன்றவர்கள் இதைச் சமச்சீர் வினைப்பாடு என்று அழைத்தது இதனால்தான். பொருத்தமான பெயர்.

இடையில் 1950-களிலும் 60-களிலும் பிலிப்பைன்ஸ் மொழிகளை ஆராய்ந்தவர்கள் எழுவாய் என்ற சொல்லையே தவிர்த்தார்கள். 'ஆங்' சொற்றொடரைத் தலைப்பு என்றும், வினையின் மாற்றத்தைக் குவியம் என்றும் அழைத்தார்கள். பேச்சின் தலைப்பு என்றால் கேட்பவருக்கு முன்பே தெரிந்த, பேச்சு சுற்றிவரும் பொருள். 'ஆங்' எப்போதும் அப்படி இருப்பதில்லை. மரனாவ் மொழியை ஆராய்ந்த ஹோவர்ட் மெக்காகன் 1973-இல், எழுவாய்க்குத் தலைப்பு என்று பெயரிட்டுக் குழப்பியது தன் தவறு என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். ஆய்வுலகில் அரிதாகக் காணும் நேர்மை அது.

இரண்டாகப் பிளந்த எழுவாய்

1976-இல் பால் ஷாக்டர் எழுதிய கட்டுரை இந்த வாதத்தைத் தரமான சோதனைகளின் மேல் நிறுத்தியது. எழுவாய்க்குரியவை என்று உலக மொழிகளில் கருதப்படும் பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகாலோக்கில் பொருத்திப் பார்த்தார். பண்புகள் ஓரிடத்தில் சேரவில்லை. பாதி 'ஆங்' சொற்றொடரிடம் போயின. மீதி, உருபு எதுவானாலும், செய்பவரிடம் போயின.

முதலில் 'ஆங்' பக்கம். 'லஹாத்' என்றால் எல்லாம். பிள்ளைகள் கடிதங்கள் எழுதுகிறார்கள் என்ற வாக்கியத்தில் வினையை அடுத்து 'லஹாத்' வைத்தால், 'ஆங்' யார் முன் நிற்கிறதோ அவர்களையே அது எண்ணும். பிள்ளைகளின் முன் 'ஆங்' இருந்தால் எல்லாப் பிள்ளைகளும். கடிதங்களின் முன் இருந்தால் எல்லாக் கடிதங்களும்.

இதைவிட முக்கியமானது பெயரெச்சச் சோதனை. தமிழில் 'வாங்கிய' என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு மீன் வாங்கிய பாட்டி, பாட்டி வாங்கிய மீன், பாட்டி மீன் வாங்கிய சந்தை, மீன் வாங்கிய பணம், மீன் வாங்கிய நாள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இதைத் தொல்காப்பியம் தெளிவாகவே கண்டு சொன்னது: நிலனும் பொருளும் காலமும் கருவியும் வினைமுதற் கிளவியும் வினையும் ஆகிய ஆறுக்கும் 'செய்யும்', 'செய்த' என்னும் சொற்கள் 'ஓரன்ன உரிமைய'. தகாலோக்கில் அந்தப் பொது உரிமை கிடையாது. எந்தப் பெயரை எச்சம் தழுவுகிறதோ அந்தப் பெயருக்குரிய வினைப்பாடுதான் வர வேண்டும். 'லோலாங் புமிலி நாங் இஸ்தா' என்றால் மீன் வாங்கிய பாட்டி (லோலாவோடு சேர்ந்த -ங், பெயரையும் எச்சத்தையும் இணைப்பது; 'ஆங்' உருபு அல்ல). 'இஸ்தாங் பினிலி நாங் லோலா' என்றால் பாட்டி வாங்கிய மீன். இடம் மாற்றி 'இஸ்தாங் புமிலி ஆங் லோலா' என்று சொன்னால் அது தகாலோக் வாக்கியமே அல்ல, கேட்பவர் திருத்துவார். விற்றவளைத் தழுவ வேண்டுமென்றால் 'பினில்ஹான்'தான் வர வேண்டும். எந்த உறவு என்பதைத் தமிழர் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். தகாலோக் பேசுபவர் வினையின் ஒட்டிலேயே அதைக் கேட்டுவிடுகிறார்.

எழுவாயை மட்டுமே பெயரெச்சம் தழுவும் என்ற கட்டுப்பாடு சில மொழிகளில் உண்டு என்பதை எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் 1977-இல் விரிவாகக் காட்டினார்கள். அவர்கள் கையாண்ட முக்கியமான எடுத்துக்காட்டு, இதே குடும்பத்தைச் சேர்ந்த மடகாஸ்கரின் மலகாசி. அந்த அளவுகோலின்படி 'ஆங்' சொற்றொடரே எழுவாய்.

இப்போது மறுபக்கம். 'நக்கீதா நாங் லோலா ஆங் சரிலி நியா சா சலமின்': பாட்டி கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். 'சரிலி நியா' என்றால் தன்னை. அது 'ஆங்' உருபோடு நிற்கிறது. 'தான்' யாரைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பவரோ 'நாங்' உருபோடு நிற்கும் பாட்டி. 'தான்' என்ற சொல்லை ஆள்வது எழுவாய்தான் என்றால் இங்கே எழுவாய் பாட்டி. 'ஆங்' சொற்றொடர் அல்ல. உருபுகளை மாற்றிப் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். ஏவலிலும் அப்படியே. 'பில்ஹின் மோ ஆங் இஸ்தா' என்றால் அந்த மீனை வாங்கு. ஏவப்படுபவர் 'மோ', அதாவது நாங்-வடிவம்.

ஆகவே ஷாக்டர் வந்த முடிவு: எழுவாய் என்று ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டை தகாலோக்கில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, எழுவாய் உலகப் பொதுவான வகை என்று கொள்ள முடியாது. 1993-இல் பால் க்ரோகர் இதை மறுத்து, 'ஆங்' சொற்றொடரே இலக்கண எழுவாய், செய்பவரிடம் காணும் பண்புகள் பொருள் சார்ந்தவை என்று வலுவாக வாதிட்டார். வேறு சிலர் இன்னொரு வழியில் போனார்கள்: 'பினிலி' வகைதான் அடிப்படைச் செயப்படுபொருள் குன்றா வினை, 'புமிலி' வகை அதிலிருந்து குறைந்தது, 'நாங்' செய்பவருக்கான தனி வேற்றுமை என்றார்கள்.

இவற்றுள் க்ரோகரின் வாதத்தையே நான் மிகுதியும் ஏற்கிறேன். 'தான்' யாரைக் குறிக்கிறது என்பதும், ஏவல் யாரை நோக்கியது என்பதும், யார் செய்கிறார் என்ற பொருளிலிருந்தே பெறப்படக்கூடியவை. பெயரெச்சக் கட்டுப்பாட்டை அப்படிப் பொருளிலிருந்து பெற முடியாது. 'இஸ்தாங் புமிலி ஆங் லோலா' என்பதன் பொருள் யாருக்கும் விளங்கும். ஆனாலும் அது தவறு. இலக்கணம் மட்டுமே அதைத் தடுக்கிறது. ஆனால் க்ரோகரின் விடையும் ஒன்றை விளக்காமல் விடுகிறது: செய்பவருக்கு ஏன் ஆறாம் வேற்றுமை?

சமையலறையில் கிடைக்கும் சான்று

வெந்த சோறு தகாலோக்கில் 'கானின்'. 'காயின்', அதாவது உண் என்ற அடியோடு -இன் சேர்ந்தது, உண்ணப்படுவது. பானம் 'இனூமின்'; குடிக்கப்படுவது. உலையில் வேகவைத்த அரிசி 'சினாயிங்'. புளிப்புக் குழம்பு 'சினிகாங்', சுட்ட மீனோ இறைச்சியோ 'இனீஹாவ்'. இவற்றுக்குள் இருப்பது 'பினிலி'யில் உள்ள அதே -இன்-. கடை 'திண்டாஹான்', உணவகம் 'காயினான்', நூலகம் 'அக்லாதான்'. அந்த -ஆன் 'பினில்ஹான்' என்பதில் உள்ள அதே -ஆன். மீன் வாங்க வைத்திருக்கும் பணம் 'பாம்பிலி'. ஐந்தாம் வாக்கியத்தின் 'இபினம்பிலி'க்குள் இருப்பது அதுதான்.

அதாவது, வினைப்பாட்டு ஒட்டுகள் என்று நாம் அழைக்கும் இவை எல்லாம் பெயர்களையும் உண்டாக்குபவை. செய்யப்பட்டது, செய்யும் இடம், செய்ய உதவுவது. தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பவை வினையாலணையும் பெயர்கள்: வாங்கியவர், வாங்கியது. தகாலோக்கில் 'ஆங் புமிலி' என்று மட்டும் சொன்னால் வாங்கியவர். 'ஆங் பினிலி நாங் லோலா' என்றால் பாட்டி வாங்கியது. 'பாட்டி என்ன வாங்கினார்?' என்று கேட்க வேண்டுமானால் 'ஆனோ ஆங் பினிலி நாங் லோலா?' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'பாட்டியின் வாங்குபொருள் எது?' இரண்டு பெயர்களை எதிரெதிரே நிறுத்தினால் தகாலோக்கில் வாக்கியம் முடிந்துவிடும். தமிழைப் போலவே அங்கும் இடையில் வினைச்சொல் தேவையில்லை.

1982-இல் ஸ்டான்லி ஸ்டரொஸ்டா, ஆண்ட்ரூ பாலி, லாரன்ஸ் ரீட் மூவரும் இதிலிருந்து வரலாற்று விளக்கம் ஒன்றைக் கட்டினார்கள். முன்னொரு காலத்தில் 'பினிலி நாங் லோலா ஆங் இஸ்தா' போன்ற வாக்கியங்கள் 'அந்த மீன், பாட்டியின் வாங்குபொருள்' என்ற பெயர்வாக்கியங்களாக இருந்தன. காலப்போக்கில் அந்தப் பெயர்கள் வினைகளாகக் கேட்கப்பட்டன. பெயராக இருந்தபோது உடைமை காட்டிய உருபு, வினையான பிறகு செய்பவரைக் காட்டும் உருபாக அப்படியே தங்கிவிட்டது. 'கண்ணனின் வருகை' என்று சொல்லும்போது தமிழிலும் வருபவர் ஆறாம் வேற்றுமையைத்தான் ஏற்கிறார். தமிழில் அது தொழிற்பெயரோடு நின்றுவிட்டது; தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் அது முழு வாக்கியத்தையும் பிடித்துக்கொண்டது.

இந்த விளக்கம் ஷாக்டரின் புதிருக்கும் விடை தருகிறது என்று நினைக்கிறேன். 'பாட்டியின் வாங்குபொருள்' என்பதில் வாக்கியத்தின் எழுவாய் மீன்; ஆனால் வாங்கும் செயலுக்கு உரியவர் பாட்டி. இரண்டு பேருக்கும் தலைமை உண்டு, வேறு வேறு மட்டங்களில். பழைய பெயர்வாக்கியத்தின் எழுவாய் 'ஆங்' பண்புகளைக் கொண்டுவந்தது. பழைய உடையவர் செய்பவரின் பண்புகளைக் கொண்டுவந்தார்.

ஏவலில் ஒளிந்திருந்த பழைய வினைகள்

பெயர்கள் வினைகளாக மாறின என்றால், அதற்கு முன்பிருந்த வினைகள் எங்கே போயின? பிலிப்பைன்ஸின் தெற்கே பேசப்படும் செபுவானோ மொழியில் 'பலித்' என்றால் வாங்கு. வாங்கப்படவிருக்கும் பொருளைச் சொல்ல 'பலிதோன்' என்பார்கள். தகாலோக்கின் -இன் அங்கே -ஓன். ஆனால் ஏவும்போது 'பலிதா ஆங் இஸ்தா' என்கிறார்கள், அந்த மீனை வாங்கு. 'வாங்கப்படவில்லை' என்று மறுக்கும்போதும் 'வாலா' என்ற மறுப்புச் சொல்லுக்குப் பின் அதே 'பலிதா'. இந்த -ஆ ஒட்டு பெயர்களை உண்டாக்குவதில்லை. தூய வினை ஒட்டு அது.

தைவானின் தென்கிழக்கில் பேசப்படும் புயுமா மொழியில் சாதாரணக் கூற்று வாக்கியங்களிலேயே இன்னொரு ஒட்டுத்தொகுதி வருகிறது. செபுவானோவின் ஏவல் ஒட்டுகளோடு உறவுடையது. மால்கம் ராஸ் 2009-இல் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, புயுமா, ருகாய், த்சோ என்ற மூன்று தைவான் மொழிகளும் பெயர்கள் வினைகளான அந்த மாற்றத்துக்கு முன்பே பிரிந்தவை என்று வாதிட்டார். மூத்த ஆய்வாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999-இல் வரைந்த குடும்ப மரம் வேறு. அதில் முதன்மைக் கிளைகள் பத்து, ஒன்பது தைவானுக்குள்ளேயே அடங்கியவை. மரத்தை எப்படி வரைவது என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆனால் ஏவலும் மறுப்பும் பழைய வடிவங்களைக் காத்துவைத்திருக்கின்றன என்ற சான்று எந்த மரத்தை ஏற்றாலும் நிற்கும்.

கிழக்கே, பசிபிக் தீவுகளில் இந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. டோங்காவிலும் சமோவாவிலும் செய்பவருக்குத் தனி உருபு வந்துவிட்டது. மாவோரியில் நாம் அறிந்த வகைச் செயப்பாட்டுவினை இருக்கிறது, அதுவும் அடிக்கடி வருகிறது. மேற்கே மலகாசி நன்றாகவே காத்திருக்கிறது. போர்னியோவின் தென்கிழக்கிலுள்ள மாஅன்யான் மொழியோடு அதற்குள்ள உறவை 1951-இல் ஓட்டோ தால் நிறுவினார். மலகாசியிலும் வீட்டோடு உடையவரைப் பிணைக்கும் அதே -ன்-, வினையோடு செய்பவரைப் பிணைக்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இதன் ஒரு கிளை நன்கு பழக்கமானது. மலாய் பாடத்தில் 'புக்கு யாங் சாயா பாச்சா', நான் படித்த புத்தகம், என்பது சரி. 'யாங்' சொல்லுக்குப் பின் 'சாயா மெம்பாச்சா' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். மெம்பாச்சா என்பது செய்பவரைச் சார்ந்த வடிவம். புத்தகத்தைத் தழுவும் எச்சத்தில் அது வரக் கூடாது. தகாலோக்கின் 'இஸ்தாங் புமிலி ஆங் லோலா' எந்த விதியால் தடுக்கப்படுகிறதோ, அதே விதி. நான்கு வினைப்பாடுகளும் மலாயில் இரண்டாகச் சுருங்கிவிட்டன. ஆங், நாங் போன்ற உருபுகள் உதிர்ந்துவிட்டன. விதி மட்டும் நிற்கிறது. ஆறாம் வேற்றுமையும் ஒரு மூலையில் பிழைத்திருக்கிறது: 'ருமாஹ்ஞா' என்றால் அவருடைய வீடு, 'டிபாச்சாஞா' என்றால் அவரால் படிக்கப்பட்டது. இரண்டிலும் ஒரே 'ஞா', தகாலோக் 'நியா'வின் உறவுச்சொல். மலாய் இலக்கணப் புத்தகங்கள் இந்த இரண்டையும் வெவ்வேறு பாடங்களில் தனித்தனியே சொல்லிக்கொடுக்கின்றன. ஒரே பாடத்தில் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர்கள் 'மெம்பாச்சா' விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.